பெண் குரல்: பத்மா

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கோத்தா திங்கியில் நவம்பர் என்றால் இதுதான். ஆற்றைப் பார்க்கப் போகவில்லை. வெள்ளம் வந்தால் வரட்டும்.

பத்மா என்னை விட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று வாரம். ஜொகூர் பாருவில், கீதாவிடம். போன் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் மட்டும்.

ஞாயிறு திரைப்பட வட்டத்தில் ஊமைப் படம். நூறு வயதான ஐரோப்பியப் படம். பனி கொட்டும் ஊர், ரயில் நிலைய அதிகாரி. மனைவி மேல் சந்தேகம், பேச்சை நிறுத்துகிறான். அவள் போய்விடுகிறாள், தேடிக்கொண்டு போகிறான். வருடத் தொடக்கத்திலேயே நான் தேர்ந்தெடுத்தது. இப்போது பார்ப்பவர்கள் வேண்டுமென்றே வைத்தேன் என்பார்கள்.

வட்டத்தின் வழக்கம்: படத்தில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் உரக்க வாசிப்போம். ஆண் அட்டைக்கு நான், பெண் அட்டைக்குப் பத்மா. பல வருடமாக இப்படித்தான். மொழிபெயர்ப்பு என்னுடையது. செயலாளர் சரவணன் அடிக்கும் நோட்டீஸில் அது மட்டும் வராது. 'ஏற்பாடு: சரவணன்' கொட்டை எழுத்தில் வரும்.

நவ. 6, வியாழன்

சரவணன் போன்.

"சார், அக்கா வருவாங்கல்ல? இல்லன்னா வேற டீச்சர் யாரையாச்சும் கேக்கவா?"

வருவாள் என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

அட்டைகளின் தமிழைப் பத்மாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். வரவில்லை. மாலையில் பதில்: "ஞாயிறு நேரா மண்டபத்துக்கு வந்துடுறேன்."

மூன்று வாரத்தில் முதல் பதில். பலமுறை படித்தேன்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? தலைமையாசிரியர் பதவி எனக்கு வரவேண்டியது. என்னிடம் வேலை பழகியவனுக்குக் கொடுத்தார்கள். அவன் வீட்டு விருந்துக்கு இவள் போனாள். பட்டுப்புடவை கட்டி, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு. அன்றிலிருந்து நான் பேசவில்லை. ஏழு மாதம். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு மனுஷி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாளா?

நவ. 8, சனி

வீடு கூட்டித் துடைத்தேன். மெத்தை உறை துவைத்தது காயவில்லை, மின்விசிறிக்குக் கீழே விரித்திருக்கிறது. பால், முட்டை, அவள் குடிக்கும் டீத்தூள். முடி வெட்டிக்கொண்டேன்.

பஷீர் பாய் கடையில் சாப்பாடு. இடைவேளை டீ, பலகாரத்தைப் பற்றிக் கல்லாவிலிருந்தே பேசுகிறார்: "நாளைக்கு தே தாரிக், கறிபாப் எல்லாம் நான் கொண்டாந்துர்றேன் சார். அக்கா வர்றாங்கதானே?"

ஆக, ஊருக்கே தெரியும்.

நவ. 9, ஞாயிறு

வந்தாள். கீதா காரில். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். அவளுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தேன். "நல்லதாப் போச்சு, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கடைசிப் பகுதி. ரயில் பெட்டியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். என் அட்டை: "நீ இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது." என் குரல் உடைந்துவிட்டது. அவள் அட்டை: "அழாதீர்கள். நான் வீட்டுக்கு வருகிறேன்."

மெதுவாக, இறங்கிய குரலில் வாசித்தாள். அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம். வாசித்துவிட்டு என் பக்கம் பார்த்தாள். பார்த்தாள், நிச்சயம்.

பிறகு கருத்து நேரம். ஒருவரும் சும்மா எழுந்து போகக்கூடாது, ஏதாவது சொல்லியாக வேண்டும்.

பஷீர் பாய்: "இப்புடி ஊமையா கெடக்கிறதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம் லா. பொம்பளைக்கு அது எவ்வளவோ தேவல."

சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் ஓர் இளைஞன்: "அவனும் பாவம் சார். வேலை ஸ்ட்ரெஸ்." எனக்கு இருந்த ஒரே வக்கீல்.

செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் அம்மா ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "அலமாக்! அந்தப் பொண்ணு எதுக்கு திரும்பிப் போவுது? ரெண்டு நாளு கொஞ்சுவான், அப்புறம் மறுபடி வாய மூடிக்குவான். கடைசில அவ மூஞ்சிய யாராச்சும் பாத்தீங்களா? சிரிப்பே இல்ல."

கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர்.

பத்மாவின் முறை. "நான் வாசிக்கிற மும்முரத்துல இருந்தேன். படத்த எங்க பாத்தேன்?" எல்லாரும் சிரித்தார்கள்.

வெளியே மழை விட்டிருந்தது. என் கார் கதவைத் திறந்து பிடித்தேன்.

"போலாமா?"

"எங்க?"

"வீட்டுக்கு. வர்றேன்னு சொன்னியே."

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"அது அட்டைல இருந்ததுங்க."

கீதா ஹாரன் அடித்தாள். பத்மா அந்தக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

நவ. 10, திங்கள்

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வாங்கிய பால் அப்படியே.

வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் கருத்துகள் குவிகின்றன. "படத்த விட சாரும் அக்காவும் வாசிச்சதுதான் டாப்." "நான் அழுதுட்டேன்." "இப்படி ஒரு ஜோடி பாக்கிறது கஷ்டம்." சரவணன் கைகூப்பும் படம் போட்டு நன்றி சொல்கிறான், ஏதோ அவன் பெற்று வளர்த்த ஜோடி போல. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த நிலைமையிலும் அது உறுத்துகிறது.

சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்: "பத்மா, வந்துவிடு." சகிக்கவில்லை. அட்டை வாசிப்பது போலவே இருந்தது. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். அதுவும் அப்படியே. அத்தனை படத்துக்கும் வசனம் எழுதியவன், எனக்கென்று ஒரு வரி வரவில்லை.

நெஞ்சு அடைக்கிறது. வாயுவாக இருக்கும். இல்லாவிட்டாலும் யாரிடம் சொல்ல?

நவ. 12, புதன்

மழை.

சாஆ என்ற ஊரிலிருந்து அழைப்பு. அங்கே வாசகர் குழு ஒன்று இருக்கிறதாம். அதே படம், வாசிப்பதற்கும் அதே இரண்டு பேர் வேண்டுமாம். சரவணன் குழுவில் போட்டான். நான் யோசித்து முடிப்பதற்குள் பத்மா எழுதிவிட்டாள்: "எனக்கு சரி. கீதா கூட்டிட்டு வருவா."

எத்தனை எளிதாக எழுதிவிட்டாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால், வீட்டுக்கு வருகிறேன் என்று மறுபடி சொல்வாள். பிறகு கீதா காரில் ஏறுவாள். மறுத்துவிடலாம். உடம்பு சரியில்லை என்றால் நம்புவார்கள்.

எனக்கும் சரி என்று போட்டேன்.

உடனே சரவணன் போன்.

"சார், அங்க சவுண்ட் சிஸ்டம் சுமார்தான். நாமதான் கொண்டு போவணும். ஆளுக்கு ஒரு மைக் எடுத்துக்கவா?"

ஒன்று போதும், பக்கத்தில்தானே உட்காருவோம் என்றேன்.