பாய்லர் வால்வில் தொங்கும் எடைக்கல்

அவிநாசியப்பர் துணை

வேலம்பாளையம்,
28.10.1993

அன்பு மகள் மருதாளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்திகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல், நீ அனுப்பிய தைலத்தைத் தடவாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள், கேட்டால் தடவினால் தீர்ந்துவிடுமாம். மாப்பிள்ளைக்கு அந்த ஊர் பச்சரிசிச் சோறு இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய், பத்து வருடமாகப் பிடிபடாதது இனிமேலா பிடிபடப்போகிறது, தேடிப் பார்த்துப் புழுங்கலரிசி வாங்கி ஆக்கிப் போடு.

உன்னைக் கலவரப்படுத்தக் கூடாது என்று ஐந்து நாளாக எழுதாமல் இருந்தேன், இனி முடியாது கண்ணு. உன் தம்பி மயில்சாமியின் சாயப்பட்டறை பாய்லரை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை ஆயுதபூஜைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தான். பட்டறையைக் கழுவி, தொட்டி, மோட்டார், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பாய்லருக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பெரியவர் என்று கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். பாய்லருக்கு மேலே வால்வுக் கம்பியில் ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று தொங்கியது, அதற்கும் பொட்டு வைத்து ஒரு முழம் செவந்திப்பூச் சுற்றியிருந்தார்கள், நானும் பக்தியாக அதற்குத் தட்டைக் காட்டிவிட்டேன். காட்டிய பிறகுதான் அது என்னவென்று உறைத்தது, தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஆவியின் அழுத்தம் மிஞ்சிப்போனால் தானாகத் திறந்து வெளியே விடுவதற்குத்தான் அந்த வால்வு. அது திறக்கக் கூடாது என்று கல்லைக் கட்டி அமுக்கி வைத்திருக்கிறான் உன் தம்பி. வேலைக்காரர்கள் பாவம், அதுவும் மெஷினோடு வந்த உறுப்பு என்று நினைத்துப் பூ வைத்திருக்கிறார்கள். இருபத்தேழு வருடம் மில்லில் பாய்லர் பார்த்தவன் நான், என் மகன் பட்டறையில் இப்படி ஒரு பூஜை செய்தேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ரெண்டு தொட்டிக்கு வாங்குன பாய்லருங்கப்பா, இப்ப அஞ்சு தொட்டி ஓடுதுங்க, ஆவி பத்தலீன்னா சாயம் எப்படீங்க ஏறும், தீவாளிக்குள்ள சரக்குக் கப்பலேறோணுங்க, அப்புறம் எடுத்துப் போடறனுங்க என்றான். ஆவி அழுத்தம் காட்டும் மீட்டரில் ஆறு கிலோவுக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது, பட்டறை ஓடுகிற நாளில் முள் ஒன்பதில் நிற்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். கேட்டால் அந்த மீட்டர் பழசுங்கப்பா என்கிறான். நான் சின்னவனாக இருந்தபோது ஒரு அரிசி ஆலையில் பாய்லர் வெடித்ததைப் பார்க்கப் போனேன், அதன் மூடி ரோட்டைத் தாண்டி ஒரு சோளக்காட்டில் கிடந்தது, ஆட்களைச் சாக்கில்தான் எடுத்துப் போனார்கள். அதையும் சொன்னேன். அதெல்லாம் உங்க காலத்துப் பாய்லருங்க என்று சிரித்துவிட்டான். நானே ஏறிக் கல்லை அவிழ்த்து வேலிக்கு அப்பால் வீசினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் பழைய மோட்டாரின் பல்சக்கரம் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, கல்லை விட இரண்டு மடங்கு கனம்.

பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போடலாம் என்று தபால் கார்டு வாங்கினேன். சாயத்தொட்டியில் வேலை செய்யும் மூக்கம்மாள் அதை எப்படியோ தெரிந்துகொண்டு, உன் அம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்கே வந்துவிட்டாள். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்தவள், வந்த அன்றைக்கு அவளுக்கு மாற்றுச் சேலை கிடையாது, உன் அம்மாதான் கொடுத்தாள். இப்போது ஓட்டு வீட்டில் இருக்கிறாள், அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, காயிதம் கீயிதம் எழுதிப்புடாதீக அய்யா, பட்டறைக்குச் சீல் வச்சுட்டா நாங்க மறுபடி கருவேலமுள்ளு வெட்டத்தான் போகணும் என்று அழுதாள். அங்கே பதினாறு குடும்பம் சாப்பிடுகிறது மருதாள். மயில்சாமி கெட்டவன் இல்லை, ஊரான் பட்டறையில் கை வெந்து கூலிக்கு நின்றவன் நாலு வருடத்தில் பதினாறு பேருக்குச் சோறு போடுகிறான், அந்தப் பெருமை எனக்கு இல்லாமல் இல்லை. கார்டு இன்னும் என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. எழுதாவிட்டால் பாவம், எழுதினாலும் பாவம் என்று இருக்கிறது.

பாய்லர் பார்த்த ராக்கையா பூஜைக்கு மறுநாள் ஊருக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினான். தகரப்பெட்டி, பாய் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கிறான், திரும்பி வருகிறவன் பாயை எதற்கு எடுத்துப் போகிறான். அந்த இடத்துக்கு மயில்சாமி மூக்கம்மாளின் புருஷன் பெரியகருப்பனைப் போடப்போகிறானாம், அவனுக்கு விறகு தள்ளத் தெரியும், முள்ளைப் பார்க்கத் தெரியாது. கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில், பெரியகருப்பன் வேண்டாம், திங்கட்கிழமையிலிருந்து நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெற்ற அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சக்கரத்தை மாட்டி வைத்திருக்க அவனுக்கு மனசு வராது என்று நினைத்தேன். ரொம்ப நல்லதுங்கப்பா, உங்களாட்டத் தெரிஞ்ச ஆளு எனக்கு எங்கீங்க கெடைக்கும் என்று சந்தோஷப்பட்டான். இன்று சாயங்காலம் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கென்று பாய்லருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கைவைத்த நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறான். சக்கரம் அப்படியே தொங்குகிறது.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, அவளுக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சேர்த்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், பேத்திகளுக்கு என் முத்தம். இது உன் கைக்கு வரும்போது நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். அவன் நீ இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, உன் பேச்சைத் தட்டமாட்டான். படித்த கையோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பட்டறைக்குப் போன் போடு. மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் போடு கண்ணு.

இப்படிக்கு உன் அப்பா,
நஞ்சப்பன்