படைக்கும் சண்டைக்கும் ஒரே வரைபடம்

2 ஆகஸ்டு 1946, வெள்ளி

துறைமுகப் பக்கமிருந்து உப்புக்காற்று. முழங்கைத் தோல் மறுபடியும் வெடித்துவிட்டது. இன்றைய அளவு: உடம்பில் தோல்படை, உள்ளங்கைக் கணக்கில் ஐந்தரை. மனைவி சங்கரம்மாளுடன் சண்டை, ஒன்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்து வருகிறேன். எது முந்தியது, எது அதனால் விளைந்தது என்பதைக் கணித ஆசிரியனாகிய என்னால் இன்னும் நிறுவ முடியவில்லை. "சண்டை முடியுமுன்ன பென்சிலத் தேடுத ஆம்பளைய நான் எங்கயும் கண்டதில்ல" என்கிறாள். இதையும் சண்டையில் சேர்ப்பதா?

9 ஆகஸ்டு

மகள் செல்லத்தாயின் முகூர்த்தம் செப்டம்பர் ஐந்து. தாரை வார்க்கும் தகப்பன் மேற்சட்டையின்றி மணவறையில் அமர வேண்டும். சாத்தான்குளத்துச் சம்பந்தி வீட்டார் என் உடம்பைக் கண்டதில்லை. குட்டநோய் என்று எண்ணி எழுந்து போய்விட்டால்?

"எங்கண்ணன் உக்காரட்டும்" என்கிறாள் சங்கரம்மாள். தகப்பன் உயிரோடிருக்கையில் பதிலாள் எந்த முறையில் உண்டு? மறைப்பதும் முறையன்று.

12 ஆகஸ்டு

தொற்றுநோய் அன்று என்ற மருத்துவச் சான்றையும், ஆதாரமாக வரைபடத்தின் நகலையும் சம்பந்தி வன்னியபெருமாளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

17 ஆகஸ்டு

சம்பந்தி நேரில் வந்துவிட்டார். தாளை மேசைமேல் விரித்தார்.

"படைய விடுங்க அண்ணாச்சி, எங்கய்யாவுக்கும் இருந்திச்சு. இங்கன பாருங்க, ஒரே மாசத்துல பதினாலு சண்டை. பொண்ணு கொணத்துல ஆத்தாளக் கொண்டா இருக்கு? யோசிச்சுச் சொல்லுதேன்."

சே. சண்டைக் கணக்கையும் எதற்கு அனுப்பினேன்? அதற்கு எந்த டாக்டரிடம் சான்று வாங்குவது?

சங்கரம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "பதினாலும் நான் போட்டதுதான் அண்ணாச்சி. என்னத்துக்குன்னு இவுக எழுதலயே. முதுகுக்கு எண்ண தேச்சுவிடுதேன்னு போவேன், கையத் தட்டிவிடுவாக. விடுவனா?"

சம்பந்தி தாளை மடித்து என்னிடமே தந்தார். "அப்பம் ஆத்தாளையே கொண்டு இருக்கட்டும்" என்றார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பதினான்கும் அதுவா? காரணத்துக்கென்று ஒரு கட்டம் நான் போடவேயில்லை.

18 ஆகஸ்டு

1924 முதலான சண்டைகளுக்குக் காரணம் எழுத உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் நினைவில்லை. எரிச்சலாக வருகிறது — அவள்மீதல்ல.

5 செப்டம்பர், வியாழன்

முகூர்த்தம் குறித்த நேரத்தில் நிறைவேறியது. சட்டையின்றி அமர்ந்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.

காலையில் மண்டபத்துக்குப் புறப்படுமுன், சங்கரம்மாள் எண்ணெய்க் கிண்ணத்துடன் வந்து, "திரும்புங்க" என்றாள். திரும்பினேன்.

"மெதுவா" என்றேன்.

"பேசாம இருங்க."

இருந்தேன்.