கூட்டினால் எட்டு வருகிற வண்டி

சங்கரன்கோவில்,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை.

என் மகன் பாண்டிராஜுக்கும் மருமகள் பொன்செல்விக்கும் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் அந்தக் குளிர் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோமதியம்மனை நினைத்துக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே அரை மணி நேரம் போனில் பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஏதாவது பெரிதாகச் சொல்ல வந்தால் நீ நடுவிலேயே சரி விடும்மா என்று மூடிவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நீ நிறுத்த முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். தபாலில் போட்டால் நியூசிலாந்துக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, அதற்குள் நீ வண்டி எடுக்கிற சனிக்கிழமை போய்விடும், அதனால் நானே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படம் சாய்ந்திருந்தால் போனைத் திருப்பி வைத்துப் படி, என்னைக் கேலி பண்ணாதே.

இங்கே நான்கு நாளாக நல்ல மழை. தீபாவளிக்கு முன்னால் தூங்கவிடாமல் ஓடிய தறிகள் எல்லாம் இப்போது கொஞ்சம் ஓய்ந்திருக்கின்றன, அதனால் எங்களுக்குத் தார்க்குச்சியில் சுற்ற வருகிற நூலும் குறைவுதான், உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். துரைப்பாண்டி மாமா கரிவலம்வந்தநல்லூர் தோட்டத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறான், கதிர் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி கூட்டமாக வந்து உழுது போட்டுவிட்டுப் போகிறதாம். வெடி போட்டு விரட்டுவதோடு சரி, இங்கே பன்றி மேல் கை வைத்தால் பாரஸ்ட்காரர்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே என்னடா என்றால் உன் முதலாளி ஞாயிற்றுக்கிழமையானால் துப்பாக்கியோடு பன்றி வேட்டைக்குக் கிளம்புகிறார், நீயும் கூடப் போகிறாய். கோழி அறுக்கிற இடத்தில் நிற்க மாட்டாமல் பக்கத்துத் தெருவுக்கு ஓடிய பிள்ளை நீ. பன்றியைக் கட்டி இழுத்து வருகிறேன் என்று நீ சொன்னதை மாமாவிடம் சொன்னேன், அவன் நம்பவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பண்ணையில் வைக்கோலும் வேலிக் கம்பியும் ஏற்றவும், மலைச்சரிவில் ஆடு பார்க்கவும், வேட்டைக்குப் போகவும் ஒரு வண்டி வேண்டும், தினமும் ஓட்டப் போகிறவன் நீதான், நீயே பார்த்து எடு என்று முதலாளி உன்னிடம் விட்டிருக்கிறார். வந்து இரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் உன்னை நம்பி இவ்வளவு விட்டிருக்கிறாரே என்று எனக்குப் பெருமைதான். டிரைவரும் இன்னொருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் சின்னத் தொட்டியோடு இருக்கிற அந்த வண்டிகளை நீ போட்டோவில் காட்டினாய். ஒன்று பச்சை, பக்கத்துப் பண்ணைக்காரர் நான்கு வருஷம் ஓட்டியது, பார்க்க அழுக்கு, ஆனால் இன்ஜினும் பிரேக்கும் கல் மாதிரி இருக்கிறது என்று நீயே சொன்னாய். இன்னொன்று கடையில் நிற்கிற சிவப்பு, விளக்கு என்ன, துப்பாக்கி மாட்டுகிற கம்பி என்ன, மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது, ஆனால் பாரம் ஏற்றி இறக்கத்தில் வந்தால் பிரேக் கொஞ்சம் உள்ளே போகிறது, வாங்கின பிறகு சரி பண்ணித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார் என்றாய். நான் என்ன கேட்டேன்? பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை. நம்பரைக் கேட்டேன். பச்சை வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வந்தது. எட்டு சனிக்கு உரிய எண், அதிலும் சனிக்கிழமை எடுக்கப் போகிறாய், அந்த வண்டி வேண்டவே வேண்டாம் என்று நான் குரல் உடைந்து பேசியதும், பாவம் நீயும் சரிம்மா, சிவப்பையே எடுக்கேன் என்று சொல்லிவிட்டாய். அதோடு விடாமல், பயப்படாதம்மா, நான் என்ன அப்பா மாதிரியா ஓட்டுவேன் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். போனை வைத்த பிறகு அவர் எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு குழாயடிக்குப் போய், குழாயை மூடாமல், நிரம்பி வழிந்த குடத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அப்பா வேகமாக ஓட்டித்தான் வண்டி கவிழ்ந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பேரில் குற்றம் இல்லை, அப்போது உனக்குப் பதினான்கு வயது, ஊரே அப்படித்தான் பேசியது. நடந்தது வேறு. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நூல் ஏற்றிப் போகச் சொந்தமாக ஒரு லோடு வண்டி எடுக்கலாம் என்று நானும் அப்பாவும் புரோக்கரிடம் போனோம், ஒர்க்‌ஷாப் மாரிக்கண்ணன் கூட வந்தான். அங்கேயும் இரண்டு பழைய வண்டிகள், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். மாரிக்கண்ணன் இரண்டுக்கும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டே எழுந்து, வெள்ளைய கண்ண மூடிட்டு எடுக்கலாம் அண்ணாச்சி, நீலத்துக்குப் பிரேக் பைப்பெல்லாம் இத்துப் போயிருக்கு, உடனே மாத்தணும் என்றான். என் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் நான் வெள்ளை வண்டியின் நம்பரைக் கூட்டிவிட்டேன், எட்டு. நீலத்துக்கு ஆறு, சுக்கிரன். அந்த வெள்ளை வண்டி வீட்டு வாசலில் நின்றால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று புரோக்கர் முன்னாலேயே சொன்னேன். அன்றைக்கு நல்ல நாள், நல்ல நேரம் முடியப் போகிறது, பிரேக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, நீல வண்டியைக் கொண்டு வந்தோம். பதினோராவது நாள் கரிவலம் ரோட்டு ஓடைப் பாலத்து இறக்கத்தில், முழு லோடு நூலோடு, பிரேக் பிடிக்கவில்லை. எதிரே ஆட்டுக் கூட்டமும் அதை ஓட்டி வந்த பெண்ணும். அப்பா வண்டியை வயலுக்குள் திருப்பினார்.

பெரியாஸ்பத்திரியில் காலைக் காப்பாற்ற முடியுமா முடியாதா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம், என் அண்ணன் துரைப்பாண்டி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, முத லோடுக்குப் போட்டி போட்டு ஏறி மிதிச்சிருப்பீரு, பொண்டாட்டி பிள்ளைய நினைச்சுப் பாத்தீரா வே என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டான். நான் தலைமாட்டில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் சொன்னது தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து உனக்கு வந்தது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டதில் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. என் வயிற்றில் பிறந்த பிள்ளையே அவரைக் கேலி செய்கிற வரைக்கும் வந்துவிட்டது.

அந்த வெள்ளை வண்டியைக் கடையநல்லூர் ரசூல் எடுத்தார், உனக்கு ஞாபகம் இருக்கும், வாழைத்தார் வியாபாரம். செவ்வாய்க்கிழமை நான் அரிசிப் பையோடு மழையில் மார்க்கெட் வாசலில் ஒதுங்கி நிற்கிறேன், அந்த வண்டி வந்து நிற்கிறது. ரசூல் தலையை நீட்டி, ஏறுங்கக்கா, வீட்ல விட்டுட்டுப் போறேன் என்றார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன், அவர் கேட்கவில்லை, பையை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தேன், கைப்பிடியை விடவே இல்லை. வண்டி நல்லா ஓடுதா என்று கேட்டதற்கு, அல்லாஹ் கிருபையில இன்னைக்கு வரைக்கும் நடு ரோட்டுல நின்னது கிடையாதுக்கா, இப்பத்தான் எப்.சி. முடிஞ்சு வந்துச்சு, பெரிய மகளுக்கு இந்த வண்டிலதான் சீர் கொண்டு போனேன் என்றார். வீட்டு வாசலில் இறங்கினேன். அப்பா கம்போடு வெளியே வந்து பையை வாங்கக் கை நீட்டினார். எனக்கு அந்த வண்டியையும் பார்க்க முடியவில்லை, அவர் காலையும் பார்க்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் கரண்டு போய்த் தார் சுற்றுகிற மிஷின் நின்றது. சும்மா உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சேர்த்து. அவர் நூலில் ஒட்டியிருந்த பிசிரை எடுத்துக்கொண்டே கேட்டார். பிறகு, மாரிக்கண்ணன் சொன்னது என் காதுலயுந்தானட்டி விழுந்துச்சு, மறுநா பைப்ப மாத்திருவோம்னு நினைச்சேன், மறுநா லோடு வந்துட்டு, ஓட்டுனவன் நாந்தான் என்றார். அப்படியென்றால் என் அண்ணன் அத்தனை பேச்சுப் பேசியபோது வேகமாகப் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் வேகமாப் போகலன்னா பின்ன எப்படிக் கவுந்துச்சுன்னு கேப்பாவ, கடைசில உன் பேர்ல வந்து நிக்கும், நான் கால ஒடிச்சுட்டுப் படுத்துக் கிடக்கேன், நீதான் நாலு தறிக்காரங்க வீட்டு வாசல்ல போயி வேல கேக்கணும், புருசன் கால ஒடிச்சவன்னு பேரு வாங்கிட்டு எப்படிப் போவ என்றார். கரண்டு வந்தது, மிஷினைப் போட்டார். சாயங்காலம் நான் பஸ் ஏறிக் கரிவலம் போய், என் அண்ணனிடமும் மதினியிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். அது அவர்கள் பாடு.

உன் வண்டியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். இத்தனை நாளும் ஒருத்தரும் அவரிடம் வண்டியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை, அதனால் முதலில் எனக்கென்ன தெரியும் என்றார், பிறகு விடாமல் பேசினார். காலி வண்டிய ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு வந்துரக் கூடாது, என்ன ஏத்தப் போறியோ அத முழுசா ஏத்திக்கிட்டு இறக்கத்துல மெதுவா விட்டு, பாதில பிரேக்க மிதிச்சுப் பாக்கணும் என்றார். ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மலைச்சரிவில் குறுக்கே ஓட்டக் கூடாதாம். மேலே கம்பிக் கூண்டு உறுதியாக இருக்க வேண்டும், பெல்ட் போடாமல் பக்கத்தில் உட்காருகிறவரை ஏற்றவே கூடாது என்றார். பக்கத்தில் பொன்செல்விதானே சாப்பாட்டுத் தூக்கோடு உட்காரப் போகிறாள். வண்டி கெட்டுப் போனால் பார்க்கிற மெக்கானிக் எத்தனை தூரத்தில் இருக்கிறான் என்று விசாரிக்கச் சொன்னார். துப்பாக்கியைக் குண்டை எடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும், மேடு பள்ளத்தில் ஆடாமல் இருக்க வேண்டும், அதற்குச் சிவப்பு வண்டிதான் வேண்டும் என்றில்லை, பச்சையிலும் ஒரு கம்பி அடித்துக்கொள்ளலாம் என்றார். வாங்கின பிறகு பண்ணித் தாரேன் என்று சொல்கிறவனிடம் எதையும் வாங்காதே என்று கடைசியில் சொன்னார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன சொல்லை இதோ திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எட்டோ எட்டு இல்லையோ, நல்ல பிரேக் இருக்கிற வண்டியை எடு. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், வண்டி வந்ததும் போட்டோ அனுப்பினால் நம்பர் தெரியாமல் எடுத்து அனுப்பு, பார்த்தால் கூட்டாமல் இருக்க என்னால் முடியாது. பொன்செல்வி, கண்ணு, அவன் பெல்ட் போடுகிறானா என்று நீதான் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் நூறு வயது சேர்ந்து வாழ வேண்டும், உங்கள் கையால் தொட்டதெல்லாம் விளங்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒன்று செய் எய்யா. நாளைக்குக் கூப்பிடும்போது என்னிடம் பேச வேண்டாம், போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். அன்றைக்குக் கேலி பண்ணியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். இரண்டு வண்டியில் எதை எடுக்கட்டும் அப்பா என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு, அவர் சொல்கிற வரைக்கும் பேசாமல் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. சங்கரம்மாள்