மீட்டர் பெட்டிச் சாவிகள்

மேலத்தெரு,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் மாமாவுக்கு உங்கள் யுவராணி எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் மகிழனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே பனி எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, முட்டி வலி விட்டதா என்று எழுதுங்கள். பட்டாளத்தில் உங்களைப் போன் எடுக்காத மலையில் போட்டிருப்பதால் நான் பேனா பிடிக்க வேண்டியதாகிவிட்டது. காலேஜைப் பாதியில் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. காலேஜில் எழுதியதைவிட இதில் விஷயம் இருக்கிறது.

மகிழன் இப்போது எழுந்து நிற்கிறான். எந்த வண்டி போனாலும் ஜீப்பு என்கிறான். பக்கத்துத் தோட்டத்துப் பந்தலில் திராட்சை கறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, பாதிக்கு மேல் வெடித்துவிட்டது. நம் புது வீடு கான்கிரீட் போடாமல் சுவரோடு நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் தெருவில் திருட்டு நடந்ததை அத்தை உங்களிடம் போனில் கொஞ்சம் சொல்லியிருப்பார்கள். முழுசும் நான் சொல்கிறேன். விடியுமுன்னே பெண்கள் எல்லாம் ஜீப்பில் ஏறி மலையில் ஏலத்தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் இறங்குகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகள் திறந்துகொள்ளட்டும் என்று வீட்டுச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு வீடு இல்லை, தெருவே அப்படித்தான். திருடன் பூட்டை உடைக்கவில்லை. பட்டப்பகலில் சாவியை எடுத்துத் திறந்து, வேலையை முடித்து, பூட்டி, மறுபடி பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போனான். பூட்டு உடையாததால் வீட்டுக்குள்ளேயே சண்டை. மாமியார் மருமகளைச் சொன்னாள், மருமகள் கொழுந்தனைச் சொன்னாள்.

புதுசாக வந்த எஸ்.ஐ. ஜெபஷீலா மேடம்தான் இதைக் கண்டுபிடித்தார். மஃப்டியில் வந்து தெரு முழுக்க மீட்டர் பெட்டிகளைத் திறந்து பார்த்து, சாவிகளைக் கையில் அள்ளிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, "இதுக்குப் பூட்டு எதுக்கும்மா, திரைச்சீலை போதுமே"ன்னு கேட்டார். மலைக்குப் போகாத ஒரு ஆளிடம் சாவிகளைக் கொடுக்கச் சொன்னார். ஜீப் ஸ்டாண்டில் ஒரு கேமராவும் மாட்டினார். "ஏத்தா யுவராணி, நீதான் கைப்பிள்ளக்காரி, வீட்ல கெடக்க. நீயே வச்சுக்க"ன்னு எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அடையாளத்துக்கு ஆளாளுக்குத் தங்கள் சேலையில் ஒரு துண்டு கிழித்துச் சாவியில் கட்டிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டு மொக்கம்மாள் அக்கா, "எம்புட்டு நல்ல சீலயக் கிழிச்சிருக்கேன், சாவி தொலஞ்சா உம்புருசன் புதுச்சீல எடுத்துத் தரணும்டி"ன்னு சொன்னார்கள். சாயங்காலம் பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிப் போகும். மாமா, வீட்டிலேயே அடைந்து கிடந்த எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. திருட்டும் நின்றது.

அதுதான் கவுன்சிலர் மொக்கைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. தெருவே மேடத்தின் பேரைச் சொல்கிறது, அவர் பேரைச் சொல்லவில்லை. ஒரு நாள் ஆட்களோடு வந்து, "பொம்பளப்பிள்ள வீட்ல ஊருச் சாவி கெடக்குறது முறையில்ல, வார்டு ஆபீஸ்லதான் இருக்கணும்"னு சொல்லி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். வார்டு பாதுகாப்பு மையம் என்று பேர் வைத்து ரிப்பன் வெட்டினார். கும்பிட்டபடி அவர் நிற்கும் ஃபிளெக்ஸ் அந்த ஆபீஸைவிடப் பெரிசு. சேலைத் துண்டுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கதவு நம்பர் ஒட்டி, பலகையில் மாட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தார். எந்தெந்த வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே அறிவித்த முதல் கவுன்சிலர் அவராகத்தான் இருக்கும். ஸ்டாண்டில் இருந்த கேமராவைத் தன் ஃபிளெக்ஸைப் பார்க்கத் திருப்பிவிட்டார். மேடம் போய்க் கேட்டதற்கு, மேலே யாருக்கோ போன் போட்டு மேடம் கையிலேயே கொடுத்தாராம். மேடம் திரும்பி வந்துவிட்டார்.

பலகைக்குக் காவல் யார் தெரியுமா? அவர் மச்சினன் அம்மாவாசி. உங்களோடு கபடி விளையாடுவானே, அவனேதான்.

போன வாரம் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் மல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மொக்கம்மாள் அக்கா வீட்டுப் பக்கவாசல் வழியாக அம்மாவாசி மஞ்சப்பையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டினான். நான் மேலே இருந்து, "ஏலே அம்மாவாசி, அங்கன என்ன வேல ஒனக்கு?"ன்னு கத்தினேன். அண்ணாந்து பார்த்து, "அக்காதான் ரேஷன் கார்ட எடுத்துட்டு வரச் சொன்னாக"ன்னு சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினான். அக்கா அப்போது மலையில் இருந்தார்கள். சாயங்காலம் அவர்கள் வந்ததும் கேட்டேன்; நான் எந்தக் கார்டையும் கேட்கவில்லையே என்று உள்ளே ஓடி அரிசி டிரம்மில் கைவிட்டுப் பார்த்தார்கள். மகள் கயல் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த செயினும் ஜிமிக்கியும் இல்லை. தை பிறந்தால் கல்யாணம். அந்த அக்கா அழவில்லை மாமா. டிரம்முக்குள் கைவிட்டபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் அன்றைக்கே புகாரைப் பதிவு செய்து அம்மாவாசியைக் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் மொக்கைச்சாமி வேன் வைத்து ஆள் ஏற்றிவந்து ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்தார். "எங்க பயலத் தொட்டுட்டு எந்த அதிகாரியும் இங்கன வேல பாத்துர முடியாது"ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம். மேலிருந்து போன் வந்தது. அம்மாவாசி சிரித்துக்கொண்டே வெளியே வந்தான், ஒரு ஆள் அவனுக்கு மாலை போட்டான். திருடிவிட்டு மாலை வாங்கியவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

மறுநாளே மேடத்துக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். என்னைக் கூப்பிட்டு, "பதிவான புகார யாரும் கிழிக்க முடியாது யுவராணி. ஆனா பாத்த ஆளு ஒருத்தர் மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லணும். சொல்லிட்டா எனக்குப் பிறகு வர்றவங்களும் மூடி வைக்க முடியாது. உங்கள நான் கட்டாயப்படுத்த மாட்டேன்"னு சொன்னார். மாஜிஸ்திரேட்டிடம் நாளைக்கே நாள் வாங்கிவிட்டார். தெருவில் வேறு யாராவது பார்த்தார்களா என்று விசாரித்தேன். இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தருக்குப் பேரூராட்சியில் துப்புரவு வேலை, ஒருத்தருக்கு முதியோர் பென்ஷன். கவுன்சிலர் கை வைத்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

நமக்கு அந்த வீடு. பேரூராட்சியில் பிளானைப் பிடித்து வைத்திருக்கிறார் மொக்கைச்சாமி. வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கே வந்தார். அத்தை காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "மாடில இருந்து பாத்தா எவனப் பாத்தாலும் ஒண்ணு போலத்தான் தெரியும் தங்கச்சி. சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிரு. திங்கக்கிழமையே பிளான் கையெழுத்தாயிரும்"னு சொன்னார். அடையாளம் தெரியாமலா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று கேட்டேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அத்தை, "மொதல்ல நம்ம தலைக்கு மேல ஒரு கூரை ஏறட்டும்டி, நாயத்தப் பெறகு பேசிக்கலாம்"னு அவர் முன்னாலேயே சொன்னார்கள். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைப்பது அவர்கள்தான்.

அதற்குப் பிறகு மொக்கைச்சாமி என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். "ஒம்புருசன் முத்துக்குமரன் எங்கிட்டப் பேசினான் ஆத்தா. அவ வெளாட்டுப்பிள்ள, ஒதுங்கிக்கிறச் சொல்லுங்கண்ணேன்னு அவனே சொல்லிட்டான்"னு சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் என்னோடு பேசிப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. எனக்கு எடுக்காத போன் மொக்கைச்சாமிக்கு எடுத்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் பொய் சொல்கிற ஆள் என்பது தெரியும். ஆனால் நீங்கள் கோபத்தில் என்னை விளையாட்டுப்பிள்ளை என்று சொல்வீர்கள் என்பது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அந்த ஒரு வார்த்தை என்னை ரெண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

நாளைக்குக் காலையில் மகிழனை அத்தையிடம் விட்டுவிட்டு உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போகிறேன். மொக்கம்மாள் அக்கா மலைக்குப் போகாமல் கூட வருகிறேன் என்கிறார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும். நான் உங்களிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை, சொல்லிவிட்டுப் போக எழுதுகிறேன்.

வீடு நின்றால் நிற்கட்டும். அடுத்த மழைக்கு முன்னால் ஓடுகளை நானே மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

மொக்கைச்சாமியோடு நீங்கள் பேசவே இல்லை என்றால் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், அத்தைக்கு வாசித்துக் காட்டுகிறேன். பேசியிருந்தால் எனக்கு எதுவும் எழுத வேண்டாம். லீவில் வரும்போது எதிர்வீட்டுக்குப் போய், கயலின் அம்மா முகத்தைப் பார்த்து, யுவராணியை ஒதுங்கிக்கொள்ளச் சொன்னேன் என்று அதே வார்த்தையைச் சொல்லுங்கள், போதும்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். பத்திரமாகத் திரும்பி வாருங்கள், என் பக்கம் நிற்கிற ஆளாக வாருங்கள்.

உங்கள்
யுவராணி