அப்பா வாசித்த செய்தி

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

நேற்றிரவுச் செய்தியில், "இளைஞர்களைச் சீரழிக்கும் இருட்டறை வெறியாட்டம்" என்று கணீரென்று வாசித்தீர்களே, அதில் முகத்தை மங்கலாக்கிக் காட்டிய பெண் நான்தான். அது வெறியாட்டம் இல்லை, ஹார்ட்கோர் என்கிற அதிரடி ராக் இசை. நான் அதில் பாடுகிறேன். கத்துகிறாய் என்பீர்கள். சரி, கத்துகிறேன். கூட்டத்தில் ஒருவன் விழுந்ததைக் காட்டினார்கள். மறுநொடியே நாலைந்து பேர் அவனைத் தூக்கிவிட்டதை வெட்டிவிட்டார்கள்.

நாங்கள் பாடும் கொட்டகையின் சொந்தக்காரர் இன்று சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "டிவியிலயே சொல்லிட்டாங்கம்மா, நான் என்ன பண்றது?" என்றார்.

உங்கள் குரலை ஊரே நம்புகிறது அப்பா.

மகள்

மார்ச் 9

என் கண்ணம்மாவுக்கு,

உன் கடிதத்தை மேக்கப் அறையில் படித்தேன். "கண்ணு கலங்கினா பவுடர் திட்டுத்திட்டாத் தெரியும் சார்" என்று அங்கிருந்த பெண் அதட்டினாள்.

எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுதான் என் வேலை. ஆனால் உன்னிடம் அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. நீ பாடுவதே எனக்குத் தெரியாது என்பதுதான் அதிகம் சுடுகிறது. அந்தச் செய்திக்கு இரண்டாம் பாகமும் தயாராகிறதாம். நேரில் பார்க்காமல் வாசிக்க மாட்டேன் என்று செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். "இந்த வயசுல உங்களுக்கு ஏன் சார் வம்பு?" என்றார்.

எங்கே வரட்டும்?

அப்பா

மார்ச் 12

அப்பா,

சனிக்கிழமை மாலை, எங்கள் டிரம்மருடைய அண்ணனின் கார் பட்டறையில். டிரம்மர் பகலில் நர்ஸ். உள்ளே குடி, சிகரெட் கிடையாது. கோட்டு போட்டு வராதீர்கள், சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைப்பார்கள்.

"நம்மள நாறடிச்சவரையா கூப்பிடுற?" என்று டிரம்மர் குதித்தாள். வரட்டும் என்றேன்.

மகள்

மார்ச் 18

செல்லமே,

பாட்டில் ஒரு வார்த்தையும் எனக்குப் பிடிபடவில்லை. நீ எதையும் மிச்சம் வைக்காமல் பாடியது மட்டும் புரிந்தது. நடுவில் மைக்கை என்னிடம் நீட்டினாய். மைக்கோடே வாழ்ந்தவனுக்கு அன்று "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்று மட்டும்தான் வந்தது. உடனே எழுந்த கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் வாசல் பக்கம் பின்வாங்கினேன். நர்ஸ் பெண் சிரித்தாள்: "பயப்படாதீங்கப்பா, சந்தோஷத்துல கத்துறாங்க."

நேற்றுச் செய்தி முடிவில், யாரும் எழுதிக் கொடுக்காத நாலு வரி சொன்னேன். நான் பார்த்ததை, முன்பு தவறாக வாசித்ததை. இரண்டாம் பாகத்தைக் கைவிட்டார்கள். என்னை அதிகாலைச் செய்திக்கு மாற்றிவிட்டார்கள்.

அதனால் என்ன? இனி சாயங்காலமெல்லாம் நான் சும்மாதான். உங்கள் அடுத்த கச்சேரிக்கு அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

அப்பா