தோல் பட்டை இல்லாத முதுகுப்பை

16 டிசம்பர் 1945, ஞாயிறு. மாதுங்கா, பம்பாய்.

இவர் ஆபீஸ் நண்பர்களோடு மாதேரான் மலை ஏறப் போகிறாராம். மாடி ஏறவே மூச்சு வாங்குகிற மனிதர்! சாயங்காலம் இவர் இல்லாத நேரத்தில் தாராவித் தையற்காரர் வந்து ஒரு முதுகுப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டாளத்துப் பழைய கான்வாஸ் பை.

"ஐயா தோலுப் பட்டையை எடுத்துட்டு நாடா வைக்கச் சொன்னாவ. சாப்பாடு வைக்கணுமாம், தோலு படக்கூடாதாம். தோள்ல உறுத்தாம பஞ்சும் வைக்கச் சொன்னாவம்மா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் இடுப்பில் கட்டுவதே தோல் பெல்ட்தான். தோலுக்குத் தீட்டுப் பார்க்கும் அந்த நண்பர் யார்? நாடாவும் குட்டை. ஆறடி மனிதருக்கு அக்குளில் இறுக்கும். ஆபீஸில் புதிதாக டைப்பிஸ்ட் ஒருத்தி சேர்ந்திருப்பதாகப் போன மாதம் சொன்னார். பிறகு அவள் பேச்சையே எடுக்கவில்லை.

கதவைத் தாழிட்டு, புடவைத் தலைப்பின் மேல் மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்தியது. இந்த வீட்டில் தோலைத் தொட்டால் குளிப்பவள் நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இவர் வந்ததும் கேட்டேன்.

"உனக்குத்தான்டி. நீயும்தானே வரே?" என்று சிரித்தார்.

மனசு குளிர்ந்துதான் போனது. ஆனாலும் கேட்டேன், "ஏன்னா, உங்க பை எங்கே?"

"எனக்கெதுக்குடி?"

ஆபீஸிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்களாம். எல்லோருக்கும் புளியோதரை வேண்டுமாம். பஞ்சு எதற்கு வைக்கச் சொன்னார் என்று இப்போது புரிகிறது.