அந்தம்மாவுக்குப் போட்ட நாற்காலி

அண்ணி,

இன்று மதியம் மார்சிலிங்கில் அண்ணன் வீட்டுக்குப் போக லிப்ட் கதவு திறந்ததும், நீங்கள் தடவுகிற நீலகிரித் தைலத்தின் வாசம். உள்ளே யாரும் இல்லை. யாராவது தடவிக்கொண்டு இறங்கிப் போயிருப்பார்கள், அந்த அடுக்குமாடி புளோக்கில் மூட்டுவலி இல்லாதவர் யார்? ஆனாலும் ஒரு பக்கமாக ஒதுங்கி, இடம் விட்டுத்தான் மேலே போனேன். நீங்கள் பார்த்திருந்தால், "நீ ஒதுங்கினா மட்டும் இடம் வந்துருமாக்கும்" என்று என் உடம்பைக் கிண்டல் செய்திருப்பீர்கள்.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் சண்டை என்பார்கள். நமக்குக் கிண்டல்தான். வயிற்றில் புற்றுநோய், பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, "உங்க அண்ணன் சமையலைச் சாப்பிட்டுச் சாகறதுக்கு இது பரவாயில்ல" என்றீர்கள். அவருக்குச் சுடுதண்ணீர்தான் வைக்கத் தெரியும்.

மருந்து போதும், வீட்டிலேயே இருக்கிறேன் என்றீர்கள். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலைக்கு அண்ணன் விடுப்புச் சொன்னார். தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வேலை முடிந்ததும் நான் வந்துவிடுவேன்.

அப்படி வந்த ஒரு சாயங்காலம், கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடு. எவ்ளோ நேரம் நிப்பாங்க?"

"எந்தம்மா, அண்ணி?"

"தெரியல. ஈரத்தலையோட வந்திருக்காங்க. நல்ல மாதிரியாத்தான் இருக்காங்க."

அங்கே சுவர்தான் இருந்தது. கடைசி நாட்களில் பலருக்கும் இப்படித் தெரிவதுண்டு, அவர் பயப்படாதவரை மறுத்துப் பேசாதீர்கள் என்று வீட்டுக்கு வரும் தாதி சொன்னார். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தலை துவட்டிக்கொள்ளட்டும் என்று நான் அதன் முதுகில் ஒரு துண்டையும் போட்டேன். பிறகு அது பழகிவிட்டது. ஒருநாள் மறந்துபோய் நானே அதில் உட்கார்ந்துவிட்டேன். "அவங்க மடியிலயே உக்காந்துட்டியே" என்று இருமல் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது போல இருந்தது. தொட்டுப் பார்த்தேன். வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டேன். வேர்வை அவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது.

அந்தம்மா எதற்கு வந்திருக்கிறார் என்று அண்ணன்தான் கேட்டார். நீங்கள் மறைக்கவில்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தான். இவருக்கு ஒரு ரசமாவது வைக்கத் தெரியட்டும், அப்புறம் வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

படுக்கையில் இருந்தபடியே நீங்கள் பக்குவம் சொல்ல, அண்ணன் தினமும் ரசம் வைத்தார், தினமும் கெடுத்தார். ஒருநாள் உப்பு அள்ளிக் கொட்டினார், ஒருநாள் தாளிப்பைக் கருக்கினார். ரசமா கடல் தண்ணியா என்று நான் கேலி பேசினேன். ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். நுரை வட்டமாகக் கட்டி மேலே வந்தது. இறக்க வேண்டிய நேரம் அதுதான். அண்ணனின் கை அடுப்பை அணைக்கப் போனது. போன கை திரும்பி வந்தது. ரசம் கொதித்துக் கொதித்துக் கசந்துபோகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் புரிந்தது. சத்தம் போடாமல் உங்களிடம் வந்து, "அவருக்கு இன்னும் ரசம் வரல அண்ணி" என்றேன்.

அப்படியே வாரங்கள் போயின. தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. புரட்டிப் படுக்க வைக்கும்போது நீங்கள் தலையணை கனம்தான் இருந்தீர்கள். வலி மருந்தை ஏற்றியும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு மத்தியானம் என் விரலைப் பிடித்தீர்கள்.

"அந்தம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போச்சாம். இனிமே உக்கார முடியாதாம். உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

நாற்காலியைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

அதை அப்படியே போய் அண்ணனிடம் சொன்னேன். எனக்கு அன்று ஒரு கிண்டலும் வரவில்லை. குழாய்ப் பக்கம் திரும்பி, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். அப்புறம் புளியை ஊறப் போட்டார். நுரை கட்டியதும் அடுப்பை அணைத்தார். வாசம் வீடெங்கும் வந்தது. அவர் வருவதற்கு முன்பே நீங்கள் முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பிவிட்டீர்கள். கரண்டியால் உதட்டை நனைத்தார்.

"வந்துருச்சு," என்றீர்கள். அப்புறம் என்னிடம், "நாற்காலிய எடுத்து வச்சிடு. எழுந்துட்டாங்க."

எடுத்தேன். துண்டு நனைந்திருந்தது. அண்ணனிடம் காட்டவில்லை, பிழிந்து காயப் போட்டேன். மறுநாள் காலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்றும் அண்ணன் எனக்கு டம்ளரில் ரசம் ஊற்றிக் கொடுத்தார். உங்கள் கைப்பக்குவம், ஒரு குறை சொல்ல முடியாது. தான் குடிக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புளி தூக்கலா இருக்கு லா," என்றேன். "உங்களுக்கு இன்னும் ரசம் வரல அண்ணே."

"அப்படியா?" என்றவருக்கு மூச்சு சீராக வந்தது. "அடுத்த வாரம் சரியா வைக்கிறேன்."

அடுத்த வாரமும் இதையேதான் சொல்வேன், அண்ணி. அவர் கற்றுக்கொண்டுவிட்டதாக நீங்களும் அங்கே அந்தம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.